டிக்கெட் இல்லாத கச்சேரி

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மருமகளும் சுகம். அங்கே நீங்கள், அக்கா, உங்கள் முழங்கால் எல்லோரும் சுகம்தானே.

நீங்கள் புகழ்ந்தீர்களே என்றுதான், சேர்ப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெண்ணை இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தேன். வந்தது தப்பு. உள்ளே நுழைந்தால் ஏரி. ஏரியைத் தாண்டினால் பூந்தோட்டம். அதையும் தாண்டினால் மரம், மரம், மரம். ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர்ப்பலகை. வகுப்பறை எங்கே என்று தோட்டக்காரரைக் கேட்டேன். "அதுவும் எங்கியோ இருக்குங்க" என்றார். ஏரிக்கரையில் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்கள். ஒருவனை எழுப்பிப் புத்தி சொல்லலாம் என்று குனிந்தேன், ஒரு வாத்து வந்து என் பின்பக்கத்தைக் கவ்விவிட்டது. உங்கள் மருமகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்பா, நான் இங்கதான் படிப்பேன்" என்கிறாள்.

சரி, கலையரங்கமாவது உருப்படியாக இருக்கும் என்று போனோம். சாயங்காலம் கச்சேரி. கதவு திறந்து கிடக்கிறது, வாசலில் ஒரு ஆள் இல்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவன் நான், சும்மா நிற்க முடியுமா? கை தானாக நீண்டுவிட்டது. யாரிடமும் டிக்கெட் இல்லை. எல்லோரையும் ஓரமாக நிற்க வைத்தேன். தோளில் மேளத்தோடு ஒருவன், "ஐயா, வாசிக்கப் போறதே நான்தான்" என்றான். ரயிலை ஓட்டுவதே நான்தான் என்று சொன்னவர்களையெல்லாம் பார்த்தவன் நான். "அதெல்லாம் அப்புறம், டிக்கெட் எங்க?" என்றேன். கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், தான் துணைவேந்தர் என்றார். அவரிடமும் இல்லை. வரிசை ஏரி வரைக்கும் போய்விட்டது. உங்கள் மருமகள் யாரோ எவளோ மாதிரி ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடைசியில் அரங்க மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்து என் காதில் சொன்னார்: "ஐயா, இது இலவசக் கச்சேரி. இதுக்கு டிக்கெட்டே கிடையாது."

மச்சான், என் மானம் கப்பலேறிப் போச்சு. வகுப்பறை தெரியாத தோட்டக்காரர், ஆளைக் கடிக்கிற வாத்து, டிக்கெட் இல்லாத கச்சேரி, இங்க படிப்பு எப்படி ஏறும்? நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னா மறுபேச்சு கிடையாது. உடனே போன் போட்டு, இந்த இடம் வேண்டாம்னு கண்டிப்பாச் சொல்லிடுங்க.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
நொந்துபோன
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அரங்க மேலாளர் வந்தார். அந்த வாசலில் வரிசை நின்றதே இதுதான் முதல் தடவையாம். என்னமோ பெரிய நிகழ்ச்சி என்று போனவன் வந்தவனெல்லாம் சேர்ந்து நிற்க, அரங்கம் நிரம்பி வழிந்ததாம். இனி எல்லாக் கச்சேரிக்கும் வாசலில் நான்தான்; ஒப்புக்கொண்டுவிட்டேன். தொப்பிகூட உண்டு. ஏரிக்காற்று உடம்புக்கு நல்லது. இப்போது உங்கள் மருமகள், "அப்பா வாசல்ல நிக்கிற இடத்துல நான் படிக்கவே மாட்டேன்" என்று மூட்டை கட்டுகிறாள். தயவுசெய்து உடனே போன் போட்டு, இங்கேயே சேரும்படி கண்டிப்பாகச் சொல்லுங்கள்.