ஒன்பதாவது கட்டம்

காலியாக இருக்கும் இடத்தைக் காலியாகவே விட்டுவைக்க எனக்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் பையை வைப்பேன். பேச்சில் இடைவெளி விழுந்தால் எதையாவது உளறி நிரப்புவேன். இந்தக் குணத்துக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம்தான். பிள்ளைகளே, பெரிய விலை கொடுத்தவள் என் அக்கா, உங்கள் கலா அத்தை. வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பிளஸ் டூ தேறி, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. சான்றிதழை லேமினேட் பண்ணி என் தலைக்கு மேலே மாட்டியிருந்தேன். (வந்தவர்கள் கரண்டு எப்போது வரும் என்று கேட்டார்களே தவிர, ஒருவர்கூட அதைப் படித்ததில்லை.)

பெரிய காஞ்சிபுரத்தில் சின்னதாகப் பட்டுக் கடை வைத்திருந்த தேவராஜ் அண்ணன் ஒருநாள் வந்தார். "ரவி, இன்டர்நெட்ல நம்ம கடையும் வரணும்பா. பொடவை படம், பேரு, வெலை. அவ்ளோதான்" என்று சொல்லி, எட்டுப் புடவைகளின் படங்களைக் கொடுத்தார்.

நான் டேபிள் போட்டேன். நோட்டில் கோடு இழுத்துக் கட்டம் போடுவோமே, அதுவேதான். வரிசைக்கு மூன்று கட்டம், கட்டத்துக்கு ஒரு புடவை, கீழே பெயரும் விலையும்.

ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் மேடம் ஒருவர் எங்கள் சென்டருக்கு வருவார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டேபிள் எதுக்குங்க? அது மார்க் ஷீட்டுக்கு. இது பொருள் பட்டியல், லிஸ்ட்டா போடுங்க. ஒரு பொடவைன்னா அதோட படம், பேரு, வெலை எல்லாம் ஒரே உருப்படிக்குள்ள இருக்கணும். பக்கத்துல பக்கத்துல நிறுத்துற வேலைய, ஸ்டைல்னு தனியா எழுதுறோமே, அது பாத்துக்கும்" என்றார்.

"மூணு மூணா கரெக்டா நிக்குமா மேடம்?"

"எட்டு இருந்தா எட்டு நிக்கும். அது என்னா பொருள்னு மொதல்ல சொல்லுங்க. அழகு அப்புறம்."

நான் பணிவாகத் தலையாட்டினேன். அவர் போனதும் தலைக்கு மேலிருந்த சான்றிதழை ஒருமுறை பார்த்துக்கொண்டு, டேபிளையே தொடர்ந்தேன்.

மூன்று, மூன்று, இரண்டு. கடைசிக் கட்டம் வெறுமையாக நின்றது. தேவராஜ் அண்ணன் பார்த்துவிட்டு, "என்னாப்பா, பல்லு வுழுந்த வாயி மாதிரி இருக்குது?" என்றார். ஒன்பதாவது புடவை கேட்டேன். "அடுத்த வாரம் வரும். அதுவரைக்கும் எதையாவது வெச்சி ஒப்பேத்து."

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு புடவை இருந்தது. கலா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இன்னும் ஒரு மாதமே இருந்தது. மாப்பிள்ளை வீடு செவிலிமேடு. முகூர்த்தப் புடவை அவர்கள் எடுத்தது. ஜாக்கெட் தைக்க வேண்டுமே என்று முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே புடவையின் மூலையில் மஞ்சள் தடவி அக்காவிடம் நீட்டினார். அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்த வீட்டில், அன்றைக்குத்தான் என் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அக்கா, அந்தப் பொடவைய ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"எதுக்குடா?"

"சும்மா ஒரு எடத்துல வெக்கத்தான். ஒரே வாரம்."

"அம்மாக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடும்" என்றாள். சொல்லிக்கொண்டே கட்டிலில் விரித்து, மடிப்பு தெரியாமல் நீவிவிட்டாள். "முந்தானை நல்லா தெரியுற மாதிரி எடு."

ஒன்பதாவது கட்டம் நிறைந்தது. ஆனால் அதன் கீழே பெயரும் விலையும் இல்லாமல் இன்னொரு வெறுமை. (என்னால் தாங்க முடியுமா?) எட்டாவது புடவையின் பெயரையும் விலையையும் அப்படியே எடுத்து அங்கே ஒட்டினேன். படம் திறக்காவிட்டால் அதற்குப் பதிலாகத் தெரியவேண்டிய சொற்களை எழுதும் இடமும் ஒன்று உண்டு. அதில் 'படம் 9' என்று எழுதினேன். இது என்ன படம் என்று நேர்மையாக எழுதியிருந்தால், 'அக்காவின் முகூர்த்தப் புடவை, விற்பனைக்கு இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதும்போதே புத்தி விழித்திருக்கும்.

அதோடு விட்டேனா? மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "மாமா, நான் செஞ்ச பேஜ் பாருங்க" என்று முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். சரியாக எழுதிக்கொண்டாரா என்று திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லியும் கேட்டுக்கொண்டேன். அவ்வளவு அக்கறை.

நான்காம் நாள் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர்கூட வாங்கவில்லை. கலர் பிரின்ட் அவுட் ஒன்றைப் பாயில் விரித்தார்.

"ஏம்பா ரவி, இது எந்தக் கடைப் பொடவை?"

என் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதே மாதிரி ஊர்ல எத்தினியோ இருக்கும் சம்பந்தி" என்றாள்.

"மூலையில பாருங்க. இந்த மஞ்சள் நான் வெச்சது. மஞ்சள் வெச்ச பொடவைய எந்தக் கடையில விக்கிறாங்க?"

யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தையாவது நான் சும்மா விட்டிருக்கலாம். பேனாவை எடுத்து, காகிதத்தைத் திருப்பிப் போட்டு, ஒன்பது கட்டம் வரைந்தேன்.

"மொத்தம் எட்டுப் பொடவைங்க. மூணு மூணா போட்டா கடைசியில ஒரு கட்டம் காலியா இருக்குதுங்க..."

"காலியா இருந்துச்சின்னு எங்க வூட்டு முகூர்த்தப் பொடவைய வெச்சியா?"

"விக்கிறதுக்கு இல்லீங்க."

"வெலை போட்டிருக்குதே?"

"அந்த எடமும் காலியா இருந்துச்சிங்க."

மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அதுவும் நாம எடுத்த வெலையில பாதி" என்றார். (எட்டாவது புடவை மலிவுப் புடவை.)

"சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்" என்று அம்மா கை கூப்பினாள்.

"அவன் சின்னப் பையன், சரி. படம் எடுக்கறதுக்கு விரிச்சிக் குடுத்தது யாரு?"

அக்கா உள்வாசலில் வந்து நின்றாள். "நான்தான் விரிச்சேன்" என்றாள். 'தம்பி கேட்டான்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. மாப்பிள்ளை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே வெலை பேசுற வூடு நமக்கு வாணாம்" என்றார் அவர் அம்மா. அக்கா உள்ளே போய்ப் புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தையல்கார அக்கா வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. தைத்த ஜாக்கெட்டைக் கொடுத்து, "போட்டுப் பாத்துடும்மா. முகூர்த்தத்தன்னிக்கு என்னைத் திட்டக் கூடாது" என்றாள். ஜாக்கெட்டும் அந்தப் புடவையோடு வந்த துணிதான். கலா அக்கா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கை மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்குதுக்கா."

"ரெண்டு தையல் பிரிச்சா சரியாயிடும்."

"பிரிச்சிடுங்க" என்றாள் அக்கா.

அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்து வந்த இரண்டு வரன்களுக்கும், கல்யாணப் புடவையை விற்கப் பார்த்த குடும்பம் என்ற பேச்சு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாவதாக ஒரு வரன் வந்தபோது, "போதும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்தாள்.

கடையின் அந்த இன்டர்நெட் பக்கத்தை நான் திரும்பச் செய்தேன். மேடத்திடம் போய்ச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பட்டியலாகவே போட்டேன். ஒவ்வொரு புடவையும் தன் படத்தோடும் பெயரோடும் ஒரே உருப்படியாக நின்றது. படத்துக்குப் பதிலாக வரும் சொற்களில் நிறம், பார்டர், முந்தானை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரு சாயங்காலம் கிளாஸ் முடிந்து வந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"கடைசி வரிசையில ரெண்டுதானேடா இருக்குது?"

"ஆமாக்கா. ஒன்பதாவது வரவேயில்ல. இருக்கறது எட்டுதான்."

"தப்பா ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

போன வருஷம் உங்கள் மாமா கல்யாணத்தில் நீங்களும் மேடையில் இருந்தீர்கள். போட்டோகிராபர் என்னைப் பார்த்து, "சார், இந்த ஓரத்துல ஒரு ஆள் கொறையுது, யாரையாவது கூப்பிடுங்க" என்றார். கீழேயிருந்து உங்கள் அத்தை கத்தினாள்: "ஐயோ, அவன்கிட்ட சொல்லாதப்பா! காலி எடம்னா அடுத்த வூட்டு மாப்பிள்ளைய இஸ்துகினு வந்து நிறுத்திடுவான்!"

மண்டபமே சிரித்தது. நீங்களும்தான். அத்தை தானே மேடையேறி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு அந்த ஓரத்தில் வந்து நின்றாள்.

அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம். நான் மட்டும் கண்ணை மூடியிருப்பேன். ஃபிளாஷ் பட்டதால்தான் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.