மச்சினன் லேப்டாப்புக்கு நான் உயிர் குடுத்த கதை

போன வாரம் வீட்டுல எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். அருப்புக்கோட்டையில பூ வாங்கி, பரளச்சியில இருக்குற மாமியார் வீட்டுல கொண்டுபோய்க் குடுக்கணும். மறுநாள் அங்க அம்மன் கோயில் பொங்கல். பூவைக் குடுத்துட்டுத் திரும்பி வந்துரணும்.

வந்துருக்கலாம்!

என்னைப் பத்தி ஒரு வார்த்தை. பகல்ல உரக்கடையில பில் போடுறவன். மத்த நேரமெல்லாம் செத்துப்போன லேப்டாப் மதர்போர்டுகளை நோண்டுறவன். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான். எத்தனையோ போர்டைத் தொறந்துருக்கேன், ஒண்ணுகூட எந்திரிச்சதில்ல. அதனால என் நம்பிக்கை கொறஞ்சதும் இல்ல.

பூவை எறக்கி வச்சேன். மாமியார், அதாவது எங்க அத்தை, மோரைக் கையில குடுத்துட்டு சந்தோசமாச் சொன்னாக.

"மருமகனே, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! நம்ம செல்வத்தோட லேப்டாப்பு செத்துப்போச்சாம். புதுசு வர நாலு நாளு ஆகுமாம். அதுவரைக்கும் அவனுக்கு வேலையில்ல. நாளைக்கு உருண்டு குடுத்துருவான்."

செல்வம் என் மச்சினன். சென்னைக் கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்குறான். அவனுக்கு வேலை கெடச்சா கோயிலைச் சுத்தித் தரையில உருண்டு வருவான்னு அத்தை நேந்திருந்தாக. வேலை கெடச்சுருச்சு. நேர்த்திக்கடனைக் கழிக்கத்தான் அந்த வேலை லீவு குடுக்கல! ரெண்டு பொங்கல் தள்ளிப்போச்சு. அத்தைக்கு அதுல தூக்கமே இல்ல.

இத்தனையும் சொன்னாக. என் காதுல விழுந்தது 'லேப்டாப்பு செத்துப்போச்சு' மட்டும்தான்.

"எங்க அது?"ன்னேன்.

செல்வம் மொகம் செத்துப்போச்சு. "வேணாம் மச்சான். கம்பெனிப் பொருளு."

"பயப்படாத மாப்ள. நான் இருக்கேன்ல!"

"அதான் மச்சான்..."ன்னு இழுத்தான்.

எங்க பக்கம் ஒரு வழக்கம். மருமகன் ஒண்ணு கேட்டா மாமியார் வீட்டுல யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாக. மனசுக்குள்ள என்ன திட்டுனாலும் மொகத்துல சிரிப்புதான் இருக்கும். நான் அதை என் தெறமைக்குக் கெடச்ச மரியாதைன்னு எடுத்துக்கிட்டேன்.

பைக் பெட்டியில இருந்து மல்டிமீட்டரு, சால்ட்ரிங் அயன் எல்லாத்தையும் எறக்குனேன். "ஸ்க்ரூ போட ஒரு தட்டு வேணும்"னேன். அம்மனுக்குத் தேங்காய் பழம் வைக்க வெளக்கி வச்சிருந்த தாம்பாளம் வந்துச்சு. "ஃபேனை நிப்பாட்டுங்க"ன்னேன். நிப்பாட்டுனாக. வேர்த்து ஊத்த, வீடே சுத்தி உக்காந்து வேடிக்கை பாத்துச்சு.

மீட்டரை வச்சதும் கீய்ய்ங்னு கத்துச்சு.

"ஷார்ட்டு!"ன்னு நானும் கத்துனேன்.

போர்டுல ஏதோ ஒரு பொடிச் சாமான் கெட்டுப்போயி, வர்ற கரண்டையெல்லாம் அதுவே முழுங்குதுன்னு அர்த்தம். கொஞ்சமாக் கரண்டு குடுத்துத் தடவிப் பாத்தா, கெட்டுப்போனது சுடும்.

"ஒரு போன் சார்ஜரு குடுங்க. வயரை வெட்டணும்."

மாமனார் தன்னோட சார்ஜரைக் கொண்டாந்தாக. "வெட்டுங்க மருமகனே, அதுக்கென்ன." சொல்லிட்டு மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாக.

வயரை வைக்கப் போறேன், கரண்டு போயிருச்சு.

"கரண்டு போச்சு மச்சான்! இனி சாயங்காலந்தான் வரும்!" செல்வம் வாசல்ல இருந்து கத்துனான். கரண்டு போனதுக்கு இம்புட்டு சந்தோசப்பட்டவனை நான் பாத்ததில்ல.

எட்டிப் பாத்தேன். "பக்கத்து வீட்டுல டிவி ஓடுது மாப்ள. நம்ம மெயின் சுவிச்சுதான் எறங்கியிருக்கும், தூக்கி விடு."

என் வாழ்க்கையில நான் சரியாக் கண்டுபுடிச்ச மொதக் கோளாறு அதுதான். சுவிச்சைக் கீழ எறக்குனது யாருன்னுதான் யோசிக்கல.

வயரை வச்சு, வெரலால தடவுனேன்.

"ஆத்தாடி!"

வெரல் கொப்புளிச்சுருச்சு. ஆனா ஆளு சிக்கிட்டான்! அரிசிக் குருணை அளவுக்கு ஒரு கெப்பாசிட்டரு. அயனை வச்சு அதைக் கழட்டி எறிஞ்சேன். அது இல்லாமலும் ஓடும்னு வீடியோவுல சொல்லியிருக்காங்க. எல்லாத்தையும் மாட்டுனேன். தாம்பாளத்துல மூணு ஸ்க்ரூ மிச்சம். கண்டுக்காம பட்டனை அமுக்குனேன்.

ஸ்க்ரீன்ல வெளிச்சம் வந்துருச்சு!

நான் குதிச்சேன். யாரும் கை தட்டல. செல்வம் பாஞ்சு வந்து மூடப் பாத்தான். அதுக்குள்ள அது தானா வீட்டு வைஃபையைப் புடிச்சு, ஆபீசுல இவன் பேருக்கு நேரா பச்சைப் புள்ளி எரிஞ்சுருச்சு. போன் அடிச்சுச்சு. மேனேஜரு!

"இல்ல சார்... ஒரு செகண்டு எரிஞ்சுச்சு சார்... திரும்பச் செத்துப்போச்சு..."ன்னு செல்வம் மென்னு முழுங்குனான்.

என்னால தாங்க முடியல. நான் பொழைக்க வச்ச மொத உசுரை, என் கண்ணு முன்னாடியே செத்துப்போச்சுங்குறான்!

போனைப் புடுங்குனேன். "சார், வணக்கம்! அதெல்லாம் சாகாது சார். நான்தான் சரி பண்ணேன். செல்வத்தோட மச்சான். இனி அசையாது, நான் கேரண்டி!"

"ரொம்ப நன்றி சார். செல்வத்தை நாளைக்குக் காலையில லாகின் பண்ணச் சொல்லிருங்க."

"கண்டிப்பாச் சொல்லிடுறேன் சார்!"

போனை வச்சுட்டுத் திரும்புனேன். செல்வம் செவத்தைப் பாத்து உக்காந்துருந்தான். அத்தை கண்ணுல தண்ணி. அப்பத்தான் எனக்கு விசயம் மண்டையில ஏறுச்சு.

"மூணாவது தடவையும் கடனை நிப்பாட்டுனா ஆத்தா பொறுக்க மாட்டா"ன்னாக அத்தை. அப்பறம் மெல்ல என் பக்கம் திரும்புனாக. "மருமகன் காலையில என்ன சாப்புட்டீக?"

"இட்லி அத்தை."

"அப்பக் கவிச்சி படல, சுத்தந்தான். தப்பா நெனைக்காதீக. நீங்களும் எனக்கு மகன் மாதிரிதான?"

கல்யாணம் ஆனதுல இருந்து சாப்புட்ட தட்டைக்கூட என்னை எடுக்க விடாதவுக. ஒரே நிமிசத்துல மருமகன் பதவி போயி மகனாயிட்டேன்.

மறுநாள் உச்சி வெயிலு. ஈர வேட்டியோட படுத்து உருண்டேன். ஆத்தா சத்தியமாச் சொல்றேன், அந்தக் கரிசமண்ணுல தோசை வார்க்கலாம். பரளச்சியில இருக்குற வேலிக்கருவ முள்ளு பூராம் என் முதுகுக்குத்தான் வந்து சேந்துச்சு. வயிறு ஒரு பக்கம் உருளுது, நான் ஒரு பக்கம் உருளுறேன். மாமனார் கொடத்துல தண்ணி ஊத்திக்கிட்டே "இந்தப் பக்கம் மருமகனே, இந்தப் பக்கம்"னு ஓட்டிக்கிட்டு வந்தாக.

"ஏலே, யாருலே உருள்றது?"ன்னு கூட்டத்துல ஒருத்தன் கேட்டான்.

"செல்வத்தோட மச்சான்டா. லேப்டாப்பு ரிப்பேரு பாக்குறவுகளாம்."

"ஓ, அதான் உருள்றாகளா!"

சுத்தி முடிச்சு அப்படியே கவுந்து கெடந்தேன். செல்வம் வீட்டுல இருந்து சிரிச்ச மொகமா ஓடி வந்தான்.

"மச்சான்! லேப்டாப்பு மறுபடியும் செத்துப்போச்சு!"

"அப்ப நீயும் வந்து படுடா, மண்ணு காயுறதுக்குள்ள!"ன்னாக அத்தை.

"கொண்டா, என்னன்னு பாப்போம்"னு சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, வாய் நெறைய மண்ணு.