இடப்பக்கக் கண்ணாடி

"வீடு வந்துடுச்சா?"

உஷா கடைசியாகக் கேட்ட சாதாரணக் கேள்வி அதுதான். மல்லேஸ்வரத்தில் அவரைக்காயும் கனகாம்பரமும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், சில்க் போர்டு சிக்னலில் கார் நின்றதும், சீட்டைப் பின்னால் சாய்த்து, இடப்பக்கக் கண்ணாடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். எவ்வளவு தூங்கினாலும் எழுந்திருக்கும்போது அதே சிக்னலில்தான் இருப்போம் என்ற தைரியம். அபார்ட்மெண்ட் கேட்டில் சிவசங்கரன் ஹாரன் அடித்தபோதுதான் கண்ணைத் திறந்து அப்படிக் கேட்டாள்.

"வந்துடுச்சு, எறங்கு" என்றார் அவர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள், எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் தலை வைத்த இடத்தில், கண்ணாடியின் உள்பக்கம், தேங்காய் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலம். அதை யாரும் தொடக் கூடாது என்பது பதினான்கு மாதங்களாக சிவசங்கரனின் சட்டம். கார்களைத் துடைக்கிற வாட்ச்மேன் முனிகிருஷ்ணனிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "வெளிய மட்டும். உள்ள கை வெக்காத." அந்தக் கண்ணாடியை அவர் இறக்கியதே இல்லை. சாய்த்த சீட்டை நிமிர்த்தியதும் இல்லை.

மற்றபடி வீட்டில் எதுவும் மாறாமல் உஷாவின் முறைப்படியே நடந்தது. அவள் ஆஃபரில் வாங்கி அடுக்கிய ஒன்பது பாட்டில் தேங்காய் எண்ணெய் வீணாகக் கூடாதென்று, தன் பாதி வழுக்கைக்குத் தினமும் தேய்த்து ஐந்து பாட்டில்களைத் தீர்த்திருந்தார். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை அவளைப் போலவே நீல வாளியில் பிடித்துக் கீழே கொண்டுபோய், கார் துடைக்க முனிகிருஷ்ணனிடம் கொடுத்தார். பேட்டரி இறங்கிவிடும் என்று சாயந்திரமானால் கீழே போய் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைப்பார். பிறகு இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி யோசிப்பார். ஏழு மணிக்கு முனிகிருஷ்ணன் விளக்குப் போட வரும்போது மேலே போய்விடுவார். யோசிப்பது கழுத்தை இவ்வளவு வலிக்கச் செய்யும் வேலை என்று அறுபத்தாறு வயதுவரை அவருக்குத் தெரியாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மகள் பார்கவி போன் செய்யும்வரை.

"அப்பா, உங்க கார் கண்ணாடி ஒவ்வொண்ணும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. போன வாரம் உங்ககூட பின்சீட்டுல வந்தப்போ எனக்கு ரோடே தெரியல."

"எனக்குத் தெரியுதே."

"அதாம்ப்பா பயமா இருக்கு. பாலிஷ் போடற ஆள வரச் சொல்லியிருக்கேன். பதினோரு மணிக்கு வருவான். நானும் வரேன்."

"வெளிய மட்டும்தானே?"

"உள்ள, வெளிய, எல்லாம். சீட்டு, கண்ணாடி, ஒரு பொட்டு அழுக்கு இருக்காது."

சிவசங்கரன் போனை வைத்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து வருடங்கள் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, கண் கலங்கி வந்தவர்களிடமெல்லாம் 'ஆதாரம் இருக்கா?' என்று கேட்டுப் பழகிய மனிதர், ஒரு எண்ணெய்க் கறையை வைத்துக்கொண்டு மகளிடம் என்ன சொல்வார்?

ஒரே வழிதான். பதினோரு மணிக்குள் வெளிப்பக்கத்தைத் தானே பளிச்சென்று ஆக்கிவிட்டால், பாலிஷ் ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

ஒன்பது மணிக்கு நீல வாளியோடு கீழே இறங்கினார். கேட்டில் தண்ணீர் டாங்கருக்கு வழிவிட, முனிகிருஷ்ணன் கார்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தான். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துகிற பார்க்கிங் என்பதால் எல்லாக் கார்களின் ஸ்பேர் சாவியும் அவனிடம்தான். வாளியைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"சார், அந்தக் கண்ணாடி விஷயமா ஒரு வார்த்த..."

"மொதல்ல டாங்கரப் பாரு."

இடப்பக்கக் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். ஈரத்தில் பளபளவென்று இருந்தது. காய்ந்ததும் பழைய புள்ளிகள் அப்படியே இருக்க, நடுநடுவே புதுப் புள்ளிகளும் முளைத்திருந்தன. மறுபடி ஊற்றினார். இன்னும் வெளுத்தது.

இரண்டாவது மாடி சரளா ஸ்கூட்டரை எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"என்ன தண்ணிண்ணா இது?"

"ஆர்.ஓ. தண்ணி. சுத்தமானது."

"ஐயோ, சுத்தமானது பாட்டில்ல இருக்கு. இது அந்த மெஷின் கழிச்சுத் தள்ளினது. நம்ம போர் தண்ணில இருக்கற உப்பு பூரா இதுலதான் இருக்கு. இதுக்கு நேரா கல்லுப்ப எடுத்தே தேய்ச்சிருக்கலாம் நீங்க."

"உஷா தினமும் இதத்தானே கீழ தூக்கிட்டு வருவா?"

"படிக்கட்டு கழுவறதுக்கு! கார் மேல ஒரு சொட்டு விடமாட்டாங்க உஷாக்கா."

பதினான்கு மாதங்களாக மனைவியின் பெயரால் காரை உப்பில் குளிப்பாட்டியிருக்கிறோம் என்பது சிவசங்கரனுக்கு மெல்லத்தான் உறைத்தது. சரளா மேலே போய் வினிகர் பாட்டிலைக் கொண்டுவந்து தந்தாள்.

"துணில நனைச்சு ஒத்தி வெச்சு, அப்புறம் நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்க."

வினிகர் வேலை செய்தது. புள்ளிகள் கரைந்தன. அவர் முகத்தில் சிரிப்புகூட வந்தது. நல்ல தண்ணீருக்குக் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. டாங்கர் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்து வினிகர் காய ஆரம்பிக்க, பதற்றத்தில் கைக்கு எட்டிய தண்ணீரை வீசி ஊற்றினார். நீல வாளித் தண்ணீர்.

இப்போது பழைய வெள்ளையும் திரும்பி வந்தது. கார் முழுக்க ஊறுகாய் ஜாடி வாடையும் சேர்ந்துகொண்டது.

"சார்..." என்றபடி முனிகிருஷ்ணன் மறுபடி வந்தான்.

"டாங்கர் உள்ள வந்துச்சா?"

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"வந்தப்புறம் சொல்லு."

சரளா போனைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, டூத்பேஸ்ட் தடவித் தேய்ச்சாப் போகுமாம். வெள்ளைப் பேஸ்ட்டுதான் நல்லதாம்."

சிவசங்கரன் வீட்டில் இருந்தது கிராம்பு போட்ட ஆயுர்வேதப் பேஸ்ட். செம்மண் நிறம். நேரம் பத்தரை. நிறம் பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை. ஒரு ட்யூப் முழுவதையும் பிதுக்கி, தோசை வார்ப்பதுபோல வட்டவட்டமாகக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார்.

"கண்ணாடிக்குப் பல்வலி வந்தாப்ல இருக்கு" என்றாள் சரளா.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினாள் பார்கவி. அப்பா காரின் அந்தப் பக்கம் முழங்கைவரை செம்மண் நிறத்தில் நிற்கிறார். இந்தப் பக்கக் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவள், அவரோடு பேசுவதற்காக, கார் வைத்திருக்கிற யாரும் செய்வதைத்தான் செய்தாள். காரிலேயே தொங்கிய சாவியைத் திருப்பி, இடப்பக்கக் கண்ணாடியின் பட்டனை அமுக்கினாள்.

"வேணாம்!"

கத்தல் வருவதற்குள் கண்ணாடி கதவுக்குள் போய்விட்டது. பயந்துபோய் அவள் மறுபடி ஏற்றினாள். ஏறி வந்த கண்ணாடியில் பேஸ்ட் இரண்டு பக்கமும் இழுபட்டு, உள்பக்கமும் பட்டை பட்டையாகப் பழுப்பாக இருந்தது.

"அச்சச்சோ, உள்ளயும் ஆயிடுச்சு. இருங்க." கைப்பையிலிருந்து ஈர டிஷ்யூவை எடுத்து, உஷாவின் மகளாயிற்றே, இரண்டே இழுப்பில் உள்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாள்.

சிவசங்கரன் நீல வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அதைப் பார்த்து பார்கவி காரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னப்பா? நெஞ்சு வலிக்குதா?"

"அது அம்மா."

"எது?"

"நீ இப்பத் தொடச்சது."

பிறகு சொன்னார். சிக்னல், கனகாம்பரம், அவள் தலை சாய்த்தது, அந்தக் கறை. ஆதாரம் என்று இருந்த ஒன்றே ஒன்று. பார்கவி கையிலிருந்த டிஷ்யூவைப் பார்த்தாள். அதை எறியவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அழத் தொடங்கினாள். சரளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாங்கர் உள்ளே வந்துவிட்டது. முனிகிருஷ்ணனும் வந்து நின்றான்.

"சார், இப்பவாச்சும் சொல்லட்டுமா?"

சிவசங்கரன் தலையாட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க. அம்மாவோட கறைய நான் காரியம் முடிஞ்ச மறுநாளே தொடச்சிட்டேன். சனிக்கிழமையானா உள்பக்கம் தொடைக்கணும்னு அம்மா ஆர்டர். நீங்க வேணாம்னீங்க. ஆனா அம்மா சொன்னத எப்படி சார் விடறது?"

"பொய் சொல்லாத. நேத்து சாயந்திரம்கூட நான் பார்த்தேன்."

"நேத்து காலைலயும் தொடச்சேன். சாயந்திரமே வந்துடுச்சு. வாராவாரம் இதே கததான். அது உங்க தல சார்."

"என் தலையா?"

பார்கவி குனிந்து அப்பாவின் வழுக்கையை முகர்ந்து பார்த்தாள். "அப்பா, இது அம்மா எண்ணெயாச்சே!"

"ஒம்போது பாட்டில் இருந்துச்சும்மா. வீணாகக் கூடாதேன்னு..."

"சீட்டு அம்மா சாச்ச மாதிரியே இருக்கா," என்று முனிகிருஷ்ணன் கையால் சாய்த்துக் காட்டினான், "ஒக்காந்தா தல நேரா அங்கதான் போவும். அதே எடம், அதே சைசு."

சிவசங்கரன் மெல்லக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நெஞ்சில் கிடந்த ஏதோ ஒரு கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்ததுபோல இருந்தது. போனது இன்றைக்குப் போகவில்லை. எப்போதோ போய், அதன்பிறகு வாராவாரம் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. இன்றைக்குச் சாயந்திரமும் வரும். அவருக்குச் சிரிப்பு வந்தது. பதினான்கு மாதங்களில் அவர் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான். பார்கவியும் மூக்கை உறிஞ்சியபடி சிரித்தாள். போனை எடுத்துப் பாலிஷ் ஆளிடம், "வெளிய மட்டும் போதும்ப்பா" என்றாள்.

சிரித்து முடித்ததும் சிவசங்கரனுக்குக் கொஞ்சம் கௌரவம் திரும்பியது.

"ஆனா ஒண்ணு முனி. நான் அங்க தூங்கறதில்ல. யோசிச்சிட்டு இருக்கேன்."

"யோசிக்கறீங்களா?" என்றான் முனிகிருஷ்ணன், வாளியைக் கையில் எடுத்தபடி. "ஏழு மணிக்கு நான் கண்ணாடியத் தட்டி எழுப்பறப்ப, தெனமும் என்ன கேக்கறீங்க தெரியுமா சார்? 'வீடு வந்துடுச்சா?'ன்னு."