மஸ்கெலியாவின் ஒரே பொன்னாடை

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் பொன்னாடை போர்த்தப்படாத ஒருவர் இருந்தால், ஒன்று அவர் நேற்றுப் பிறந்தவராக இருக்க வேண்டும், அல்லது பிறந்ததிலிருந்து ஊருக்கு ஒரு நல்ல காரியமும் செய்யாதவராக இருக்க வேண்டும். மற்ற எல்லோரையும் ஒரே மனிதர் தேடிப் பிடித்துப் போர்த்திவிட்டார். அவர் அமைச்சருமில்லை, கோயில் தலைவருமில்லை. பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நேரம் பார்த்து விசில் ஊதி அனுப்பும் டைம் கீப்பர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பொன்னாடை. முகத்துக்கு நேரே என்றால் பொன்னாடை அண்ணன்.

கிளிப்பச்சை நிறத்தில் அகலமான ஜரிகை வைத்த ஒரு பொன்னாடை எப்போதும் அவரிடம் இருக்கும். அதை ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் வைத்திருப்பார். அடர்ந்த பனிமூட்டத்தில் ஹட்டனிலிருந்து பஸ்ஸைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் இறங்குவதற்குள் இவர் ஏறி, அவர் ஸ்டியரிங்கில் இருக்கும்போதே போர்த்துவார். பிரசவ வலியில் துடித்த பெண்ணைக் கொட்டும் மழையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆட்டோக்காரருக்கும் போர்த்தினார். பிறந்த குழந்தைக்கும் போர்த்தப் போனவரைத் தாதிமார் தடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் பஸ்கள் நேரத்துக்குப் புறப்பட்டனவா என்று கேட்காதீர்கள். நேரம் பார்க்க அவருக்கு நேரமே இருந்ததில்லை.

அந்த ஊரில் நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் என் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சையில் நன்றாகச் செய்தார்கள். செய்தி என் வீட்டுக்குப் போகும் முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. ஒரு கையில் லீக்ஸ் கட்டு, மறு கையில் குடையோடு நின்ற எனக்குப் பின்னாலிருந்து பொன்னாடை விழுந்தது. நான்கு பேர் கைதட்டினார்கள், கண்டக்டர் போட்டோ எடுத்தார். நெஞ்சு நிமிர்ந்து நான் வீட்டை நோக்கி நடந்தேன். பின்னாலேயே காலடிச் சத்தம்.

“மாஸ்டர், போட்டோ எடுத்தாச்சு. இனி குடுங்க.”

“எதை?”

“பொன்னாடைய. மரியாத ஒங்களுக்கு, துணி எனக்கு.”

அதுதான் அவருடைய சட்டம். போர்த்துவார், போட்டோ எடுப்பார், திருப்பி வாங்குவார். மேல் விளிம்பைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கைகளை விரித்து, ஜரிகை வெளியே தெரியும்படி மடித்து உள்ளே வைப்பார். ஊரே இதற்குப் பழகியிருந்தது. ஒருமுறை மட்டும், காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்த பொலிஸ் சார்ஜன்ட், விவரம் தெரியாமல் பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் காலையில் பொன்னாடை அண்ணன் அவர் வீட்டு வாசலில் போய்ச் சிரித்தபடி நின்றார். கேட்கவும் இல்லை, நகரவும் இல்லை. சார்ஜன்டின் மனைவி விஷயத்தை ஊகித்து, துவைத்து அயர்ன் பண்ணிக் கொடுத்தனுப்பினார். இரண்டாவது முறை போர்த்தியபோது சார்ஜன்டே கழற்றி நீட்டினார்.

“இன்னொன்று வாங்கினால் என்ன அண்ணே?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆளுக்கு ஒரு துணின்னா அது துணிக்கடை, மாஸ்டர். இது டிரைவர் தோள்ல கெடந்தது, சார்ஜன்ட் தோள்ல கெடந்தது, ஒங்க தோள்லயும் கெடந்தது. இத ஒருத்தருக்குப் போட்டா, ஊரே அவரு தோள்ல கைய போட்ட மாதிரி. புதுசுல அது வருமா?”

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எல்லோரும் கேட்காமல் வாங்கிய பொன்னாடையைக் கேட்டு வாங்க வந்த ஒரே ஆள் மரகதம் அக்கா. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் கொழுந்து எடுப்பவர். அவர் வாய் திறந்தால் கங்காணியே வேறு பாதையில் போவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஏன்டா, பஸ் ஓட்டுறவனுக்குப் போத்துற, பொலிஸ்காரருக்குப் போத்துற. நான் பாவாட கட்டுன நாள்லேருந்து இந்த மலையில கொழுந்து எடுக்குறேன். எனக்கு எப்ப போத்துவ?”

“நீங்க வேலைய நிப்பாட்டுற அன்னிக்கு அக்கா. சத்தியமா.”

“பேச்சு மாறக் கூடாது.”

அக்கா வேலையை நிறுத்தும் மாதமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் சின்னதாக ஒரு விழா ஏற்பாடானது. அக்கா புதுச் சேலை எடுத்தார். “எனக்குப் பொன்னாட போத்துறாங்க” என்று பொகவந்தலாவை, தலவாக்கலை என்று எல்லா ஊர் உறவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை. வேறு வேறு பண்பாடுகளை ஒரே மேடையில் கொண்டாடுகிறோம் என்று சொல்லி, நுவரெலியாவில் ஆப்பிரிக்க இசையும் ஜாஸும் சேர்ந்த விழா ஒன்றை வைத்திருந்தார்கள். கண்டி மேளக்காரர்களும் கொழும்பு ஜாஸ் குழு ஒன்றும் வந்திருந்தார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கும்மிக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. பஸ்ஸை ஒழுங்கு செய்து தந்தவர் பொன்னாடை அண்ணன். பஸ் புறப்படும்போது அவரும் ஏறி உட்கார்ந்தார். மழைக்கோட்டு புடைத்திருந்தது.

“அண்ணே, நாளைக்கு மரகதம் அக்கா.”

“இன்னிக்கு சனிதானே மாஸ்டர். ஆப்பிரிக்காவுலேருந்து வந்துருக்காங்க, வெறுங்கையோட போய் நிக்கலாமா? போத்துவேன், எடுப்பேன், பஸ்ல ஏறுவேன்.”

எங்கள் பிள்ளைகள் அன்று குளிரில் நடுங்கிக்கொண்டே ஏறி, வியர்க்க வியர்க்க ஆடினார்கள். கண்டி மேளக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதன்பிறகு மேடைக்கு வந்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜாஸ் குழு. நடுவில் சாக்ஸபோனோடு நின்றவர் பெயர் தாபோ. ஆறடிக்கு மேல் உயரம், குழந்தைச் சிரிப்பு. அவர் முதல் மூச்சை ஊதியதுமே பொன்னாடை அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

“இவருக்குத்தான்.”

ஜாஸ் கச்சேரியில் ஒருவர் தனியாக வாசித்து முடித்தால் பாட்டின் நடுவிலேயே கைதட்டுவார்கள். இதை நான் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கிட்டார்காரர் தன் பங்கை முடித்தார், கைதட்டல் எழுந்தது, அண்ணன் பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடைப் படிவரை போய்விட்டார். பாட்டு தொடர்ந்ததும் திரும்பி வந்தார். டிரம்ஸ்காரர் முடித்தார், கைதட்டல், அண்ணன் மறுபடியும் படியில்.

“முடியலையா மாஸ்டர்?”

“இல்லை அண்ணே.”

“கை தட்டுறாங்களே?”

“அது நடுவில் தட்டுவது.”

“நடுவுலயும் தட்டுனா முடிஞ்சது எப்பிடித் தெரியும்?”

இந்தக் கேள்விக்கு ஜாஸ் ரசிகர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதாகத் தாபோ தனியாக வாசித்து, வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. அண்ணன் இம்முறை யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பாதுகாப்புக்கு நின்ற பையன்கள் என்ன நடக்கிறது என்று யோசிப்பதற்குள் மேடை ஏறி, எம்பிக் குதித்துத் தாபோவின் தோளில் பொன்னாடையைப் போட்டுவிட்டார்.

தாபோ திரும்பிப் பார்த்தார். தோளைப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகி, மறுபடியும் ஊத ஆரம்பித்தார், முன்பைவிட இரண்டு பங்கு உற்சாகத்தோடு. ஊதியபடியே மேடையின் மறுமுனைக்கு நடந்தார். சட்டப்படி அடுத்தது திருப்பி வாங்குவது அல்லவா? அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். தாபோ அதை எங்கள் ஊர் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு இடுப்பை வளைத்தார். கிட்டார்காரர் அண்ணனுக்குப் பின்னால் கை நீட்டிச் சேர்ந்துகொண்டார். எங்கள் கும்மிப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கும் ஊர்வலம் ஒன்று மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கீழே கூட்டம் முழுவதும் கைகளை நீட்டி ஆடியது. அந்த விழாவின் சிறந்த நடனம் அதுதான் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

பாட்டு முடிந்தது, தாபோ கும்பிட்டார், பொன்னாடையோடு மேடைக்குப் பின்னால் போய்விட்டார். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

“கேளுங்க மாஸ்டர். பதமா கேளுங்க.”

போர்த்திய மரியாதையைப் பதமாகத் திருப்பிக் கேட்க எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் பாடம் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தாபோ பேசினார். போகிற நாடுகளில் எல்லாம் பூங்கொத்து கொடுப்பார்களாம், அது ஹோட்டல் அறையிலேயே வாடிவிடுமாம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஓடி வந்து தோளைப் போர்த்தியது இதுதான் முதல் தடவையாம். தன் ஊர் விழாவிலும் இதைப் போட்டுக்கொண்டு வாசிப்பாராம். நான் தமிழில் சொன்னேன்.

அண்ணன் அங்கிருந்த ஸ்பீக்கர் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். “கேக்காதீங்க மாஸ்டர். நம்ம குடுத்த மரியாதைய நம்மளே திருப்பிக் கேட்டா ஊரு மானம் போயிரும்.” தலையில் கை வைத்தார். “ஆனா அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேனே.” அவர் கண்கள் கலங்கியிருந்தன. பிறகு சட்டென்று எழுந்தார்.

“திருப்பிக் கேக்க வேணாம். கூப்பிடுவோம். நாளைக்கு எங்க லயத்துல விழா, வரச் சொல்லுங்க. அந்தப் பொன்னாடையோட.”

தாபோ வந்தார். ஞாயிற்றுக்கிழமை வான் வண்டியிலிருந்து அவர் இறங்கியபோது, லயத்துக்கு முன்னால், தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஊரே கூடியிருந்தது. டிரைவர்கள் வந்திருந்தார்கள், சார்ஜன்ட் மனைவியோடு வந்திருந்தார். கும்பிட வந்த மரகதம் அக்காவின் கை பாதியில் நின்றது.

“ஏன்டா, என் பொன்னாடைய அவரு போட்டுருக்காரு?”

“எல்லாத்தையும் சொல்லிருங்க மாஸ்டர்” என்றார் அண்ணன். நான் சொன்னேன். ஊருக்கு இருப்பது ஒரே பொன்னாடை, எல்லோரும் போட்டது, இன்று இந்த அக்காவின் முறை. தாபோ தலை குனிந்து கேட்டார். பிறகு, “இதைப் போட்டவர்கள் இங்கே யார் யார்?” என்றார்.

நான் கையை உயர்த்தினேன். ஆட்டோக்காரர் உயர்த்தினார். சார்ஜன்ட் உயர்த்தினார். ஒவ்வொன்றாகக் களம் முழுவதும் கைகள் எழுந்தன. இத்தனை பேர் இந்த ஊருக்கு நல்லது செய்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் நாங்களே பார்த்தோம். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் சொல்லித் தீராது.

தாபோ பொன்னாடையைக் கழற்றினார். அண்ணனிடம் கொடுக்காமல், தானே இரண்டு கையாலும் மரகதம் அக்காவுக்குப் போர்த்தினார். தன் ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலும் வேலு, முனியம்மா என்று பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடுதான் தான் வளர்ந்ததாகச் சொன்னார். பிறகு சாக்ஸபோனை எடுத்து அக்காவுக்காக மட்டும் வாசித்தார். ஊர்க்காரர் ஒருவர் தப்பு மேளத்தை எடுத்து அடியைச் சேர்த்தார். அக்கா அழவில்லை. தோளில் கிடந்த ஜரிகையைத் தடவிக்கொண்டே, யாரையோ சண்டைக்கு இழுப்பவர்போல நிமிர்ந்து நின்றார்.

போட்டோ எடுத்தாயிற்று. பழக்கம் விடுமா? அண்ணனின் கை நீண்டது. அக்கா அந்தக் கையைப் பார்த்தார், தாபோவைப் பார்த்தார்.

“நீ சும்மா இருடா” என்று சொல்லிவிட்டு, பொன்னாடையை எடுத்துத் தாபோவின் தோளில் போட்டார். “நீங்க கொண்டு போங்க தம்பி. நாங்க எடுத்த கொழுந்து எல்லா நாட்டுக்கும் போயிருச்சு. நாங்கதான் போனதில்ல. நாங்க எல்லாரும் போட்ட துணியாச்சும் போய்ப் பாத்துட்டு வரட்டும்.”

இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அண்ணனின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

“மடிக்கத் தெரியுமான்னு கேளுங்க மாஸ்டர்” என்றார்.

தாடையில் இடுக்குவதிலிருந்து ஜரிகை வெளியே தெரிவதுவரை வான் வண்டியில் ஏறும் முன் அவரே கற்றுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு மஸ்கெலியா பஸ்கள் நேரத்துக்குப் புறப்பட்டன. பயணிகள் அதற்குப் பழகச் சிரமப்பட்டார்கள். அண்ணன் மட்டும் பழையபடிதான் இருந்தார். நல்ல காரியம் செய்தவரைக் கண்டால் மழைக்கோட்டுக்குள் கை போகும், வெறுமையைத் தடவும், வெளியே வந்து அவர் தோளில் விழும். துணிக்குப் பதில் கையையே போட்டார்.

கடந்த ஆண்டு என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தாபோவின் ஊர் இசை விழா, கடல் மாதிரி கூட்டம். பாடி முடித்த ஒரு பாட்டியம்மாவுக்குத் தாபோ கிளிப்பச்சைப் பொன்னாடையைப் போர்த்துகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, போட்டோ எடுக்கிறார்கள். பிறகு தாபோ இரண்டு கைகளையும் நீட்டுகிறார். பாட்டியம்மா விஷயம் தெரிந்தவர்போலக் கழற்றிக் கொடுக்கிறார். தாபோ மேல் விளிம்பைத் தாடையில் இடுக்குகிறார்.

உடனே நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர், கண்டக்டர், கடலைக்காரர் எல்லோரும் என் போனைச் சூழ்ந்துகொண்டார்கள். “நம்ம பொன்னாட” என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். ஹட்டன் பஸ் நெடுநாளைக்குப் பிறகு தாமதமாயிற்று. அண்ணன் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“மடிப்பு பரவால்ல மாஸ்டர். ஜரிகதான் உள்ள போயிருச்சு. சொல்லி அனுப்பணும்.” குரல் உடைந்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டார். ஊதவில்லை.

நான் அவர் தோளில் கையைப் போட்டேன். கண்டக்டர் போட்டோ எடுத்தார். எடுத்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.