குட்டை ஆளுக்கு ரெட்டை டேங்க்

"அண்ணாச்சி, தூக்குங்க! ஆக்சிஜன் டேங்கோட மல்லாந்துட்டேன்!"

சுப்புராஜ் அண்ணாச்சி ஓடிவந்து பார்த்தபோது, முதுகில் கட்டிய இரண்டு டேங்குகளோடு நர்மதா கடை நடுவில் கிடந்தாள். கையும் காலும் மட்டும் ஆடின. சாய்ந்த அலமாரியிலிருந்து கயிற்றுச் சுருள்கள் ஒவ்வொன்றாக அவள்மேல் உருண்டன.

"ஆக்சிஜன்னு சொல்லாத தாயி, உள்ள இருக்கது வெறுங்காத்து" என்று அந்த நிலைமையிலும் திருத்திவிட்டுத்தான் தூக்கினார்.

கடலில் முங்கி வேலை செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை அது, ராயபுரத்தில். இருபது வருஷத்தில் 'பொருந்தவில்லை' என்று ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை என்பது அண்ணாச்சியின் பெருமை. அந்தப் பெருமைக்கு இன்று மூன்று மணிக்குச் சனி பிடித்தது, நர்மதாவின் அம்மா குணசுந்தரி உருவத்தில்.

"நாளைக்குக் காலைல வள்ளூரு பவர் ஹவுஸாண்ட வேல அண்ணாச்சி. கடத்தண்ணி இழுக்குற கால்வாய்ல முங்கி சிப்பி சுரண்டணும். டபுள் டேங்க் இல்லாங்காட்டி வேற ஆள வச்சிப்பேன்னுட்டான் காண்ட்ராக்டரு. ஆளு குட்டை. தோ, இந்த ஒசரந்தான்" என்று மகளை முன்னால் தள்ளினாள்.

நாலடி பத்து அங்குலம். பொம்பளைப் பிள்ளை முங்கப் போகிறதா! அண்ணாச்சிக்குப் புல்லரித்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு மனைவி ரோஸ்மேரியிடம் சொல்லிவிட்டார். அப்புறம்தான் அந்த மல்லாக்க விழுந்த கதை.

"டேங்க் நீளம். அடி தொடையில இடிக்கி. ஏத்திக் கட்டுவோம்."

ஏற்றிக் கட்டினார். இப்போது மேலே இருந்த வால்வு பின்மண்டையில் இடித்தது.

"தலைய தூக்க முடில அண்ணாச்சி. என் கால் வெரல்தான் தெரியுது."

"அண்ணாந்து பாக்காம எப்பிடி மேல வருவ? கழத்து, கழத்து."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த குணசுந்தரி எதிர் டீக்கடையைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினாள். டீக்கு ஏங்குகிறாள் போலிருக்கிறது என்று அண்ணாச்சி டீக்கடை நீலாவுக்குக் குரல் கொடுத்தார். டீ வந்தது. குடித்துவிட்டு மறுபடி அதே கடையைப் பார்த்துத் தலையாட்டினாள். இன்னொரு டீ வந்தது. இந்தக் குடும்பத்துக்கு எதுதான் பொருந்தும் என்று அண்ணாச்சிக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்து குட்டி அலுமினிய டேங்க் ஒரு ஜோடி.

"இது லேசா கீது! இதே போதும் அண்ணாச்சி, எனக்கு டைமாவுது" என்றாள் நர்மதா.

"அவசரப்படாத தாயி. காத்து தீரத் தீர இது மெதக்கும். அடியில நிக்க வேண்டிய நேரத்துல ஒன்ன மேல தூக்கிட்டுப் போயிரும். ஈயம் கட்டணும்."

ஈயக்கட்டிகள் கோத்த பட்டையை அவள் இடுப்பில் மாட்டினார். இடுப்பென்று ஒன்று இருந்தால்தானே நிற்கும்? பட்டை சரசரவென்று வழுக்கி அண்ணாச்சியின் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"எம்மோ!"

"இல்லன்னா இல்லன்னு சொல்லிடு அண்ணாச்சி. வேல போச்சுன்னு நெனச்சிக்கிறோம்" என்று குணசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொருந்தாதத வித்துட்டு, நாளைக்கு ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்ல?" ஒற்றைக் காலில் நின்றுகொண்டே கத்தினார். உண்மையிலேயே அவருக்குப் பயமாக இருந்தது.

குணசுந்தரி விருட்டென்று எழுந்தாள். பெஞ்சுப் பலகை ஒருபக்கமாகச் சாய்ந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். பலகைக்குக் காலாக நின்றவை இரண்டு இரும்பு டேங்குகள். குட்டை, குண்டு. பெரிய ஆட்கள் யாரும் சீண்டாததால் அவரே கொண்டுவந்து முட்டுக் கொடுத்தவை. சோதனை முத்திரைகூட இந்த வருஷத்தது.

மாட்டினார். தொடையில் இடிக்கவில்லை. மண்டையில் இடிக்கவில்லை. ஈயமும் வேண்டாம். நர்மதா நடந்தாள், குனிந்தாள், அண்ணாந்து பார்த்தாள். குணசுந்தரி டீக்கடைப் பக்கம் திரும்பி முதல் தடவையாக ஆமென்று தலையசைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ரோஸ்மேரி பொன்னாடையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அண்ணாச்சி அதை டேங்கோடு சேர்த்து நர்மதாவுக்குப் போர்த்தி, கடைச் சுவரில் மாட்டுவதற்கு நாலு போட்டோ எடுத்தார்.

"நாளைக்குத் தண்ணிக்குள்ள எறங்குனதும் மொத வேலையா..."

"தண்ணிக்குள்ளயா? நானா?" என்றாள் நர்மதா.

காலி கிளாஸ் எடுக்க வந்த நீலா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா அண்ணாச்சி, இதுக்கு நீச்சலே தெரியாதே! முங்கறது இதோட நைனா. குட்டைன்னு நீ சிரிப்பன்னுட்டு, அதே ஒசரத்துல கீற பொண்ண அளவுக்கு அனுப்பிட்டு, மூணு மணிலேர்ந்து என் பாய்லருக்குப் பின்னால குந்திகினு கீறாரு."