ஐந்து மேசை மென்பொருள்

பயனாளரின் தேவையை அறிந்து மென்பொருள் எழுதுதல், எழுதியதைச் சோதித்தல், பின்னர் பராமரித்தல். பிரிஸ்கில்லாவின் நியமன உத்தரவில் இருந்த கடமைகள் இவை. இவற்றைச் செவ்வனே நிறைவேற்ற, உத்திரமேரூரில் ஒரு நெல் வரவு அலுவலகத்துக்கு அவளை அனுப்பினார்கள். நெல் விற்க வரும் விவசாயிக்கு டோக்கன் தருவது அந்த அலுவலகத்தின் வேலை.

அவள் எழுதிய மென்பொருள் ஒரே நிமிடத்தில் டோக்கன் கொடுத்தது. கண்காணிப்பாளர் வேதகிரி ஆடிப்போய்விட்டார்.

"இன்னாம்மா இது? ஃபைலு எங்க மேசைக்கே வர்லியே?"

"கம்ப்யூட்டரே சரிபார்த்துடுது சார்."

"பாக்கட்டும். மேசைக்கு ரெண்டு நாள் தங்கிப் பாக்கட்டும். அஞ்சு மேசை கீது."

"அஞ்சாவது மேசைக்காரர் போன வருசமே ரிட்டயர் ஆயிட்டாரே சார்?"

"அவருதானே ஆனாரு? மேசை ஆவலியே!"

மறுக்க முடியாத வாதம். பயனாளர் என்றால் அலுவலகத்தார் என்று உத்தரவிலேயே விளக்கம் இருந்தது. பிரிஸ்கில்லா மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, பத்து நாள் சும்மா இருக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தாள். "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று திரையில் ஓடியது. தாமதத்தைக் கணினியே கவனித்துக்கொண்டதால் ஊழியர்கள் மூன்று மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

சோதித்துப் பார்க்கப் பிரிஸ்கில்லாவே கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். முதல் ஆளாக வந்தவள் புள்ளலூர் சிட்டம்மாள். நாற்பது மூட்டை நெல்லைக் களத்தில் வெட்டவெளியில் குவித்துவிட்டு வந்திருந்தாள். போன போகத்தில் ஒரே மேசையின் இரண்டு நாள் தாமதத்துக்கே இங்கே நாற்காலியைத் தூக்கியவள். இவள் போடும் சண்டையிலாவது இந்த வெட்கக்கேடு ஒழியட்டும் என்று பிரிஸ்கில்லா மனதார வேண்டிக்கொண்டாள்.

"டோக்கன் எப்பம்மா வரும்? மயை வர்ற மாரி கீது."

"பத்து நாள் ஆவும்க்கா."

"யாரு சொன்னது? வேதகிரியா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டரு."

சிட்டம்மாளின் முகம் சாந்தமானது. "அப்ப சரி. மனுசன்னா ஓரவஞ்சன பண்ணுவான். அதுக்கு இன்னா தெரியும், பாவம்!"

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் ஒரு கை நெல்லை எடுத்துக்கொண்டு சிட்டம்மாள் மறுபடி வந்தாள். எல்லாம் முளைவிட்டிருந்தது.

"என் நெல்லுலதான் இன்னாவோ கொற இருந்துகீது. இல்லாங்காட்டி அது இவ்ளோ நாளு யோசிக்குமா?" சிட்டம்மாள் திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். "இத்த எய்துனது யாரும்மா? பெரிய படிப்பாளியா இருக்கணும்."

"தெரியலக்கா" என்றாள் பிரிஸ்கில்லா.