மச்சான் வீட்டுப் பெரியவர்கள்

“தாடிக்காரரை மட்டுமாவது கீழே இறக்கு” என்று கெஞ்சினார் மெக்கானிக்.

“நாலுல மூணு பேர் தாடிக்காரங்கதான். எவரைச் சொல்றே அண்ணா?” என்றாள் தங்கச்சி.

“காட்டுத் தாடி. பாத்த உடனே ஊருக்கே அடையாளம் தெரியுமே, அந்த ஆளு.”

“மார்க்ஸா? அவர் மேல கை வச்சே, விரலை ஒடிச்சிடுவேன். எங்க வீட்டுக்காரர் கையால மாட்டின படம்.”

வீட்டுக்காரர் கல்லூரியில் சமூகவியல் வாத்தியாராக இருந்தவர். போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் போனாலும் முன்னறைச் சுவரில் அவர் மாட்டிய நாலு பேர் போவதாக இல்லை. கோம்ட், மார்க்ஸ், டர்க்கைம், வெபர் என்று வரிசையாக உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார்கள். சமூகவியல் என்கிற படிப்பையே உண்டாக்கினவர்கள் இவர்கள் என்று வாத்தியார் சொல்வார். மெக்கானிக் அதை ஒரு நாளும் முழுசாக நம்பியதில்லை. மனுஷக் கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, நெரிசல் பஸ்ஸில் நின்றபடி ஒருமுறை போய்வந்தால் போதாதா, இதற்குத் தனியாக ஒரு படிப்பு வேறா என்பது அவர் கட்சி.

ஆனால் இன்றைக்குச் சண்டை படிப்பைப் பற்றி இல்லை. தங்கச்சி மகளைப் பற்றி.

அவளும் கூட வேலை பார்க்கும் ஒரு பையனும் ஒருத்தரையொருத்தர் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பையன் அம்மா பேச்சைத் தாண்டாதவன். அந்த அம்மாவோ, “முதல்ல வீட்டைப் பாக்கணும், வீட்ல இருக்கிற மனுஷங்களைப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கு அவளும் அவள் புருஷனும் வருகிறார்கள். புருஷனுக்குச் சொந்தமாகச் சட்டைக் கம்பெனி. இருநூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனுஷன் முன்னறையில் மார்க்ஸைப் பார்த்தால் என்ன ஆகும்? போன வருஷம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்காரர் இதே மகளைப் பார்க்க வந்து, இதே படத்தைப் பார்த்து, டீ ஆறுவதற்குள் காரில் ஏறிவிட்டார். “நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே” என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தவர் மெக்கானிக்தான்.

தங்கச்சி டீ போட உள்ளே போன நேரத்தில் நாற்காலி மேல் ஏறி மார்க்ஸைக் கழற்றினார்.

கழற்றினதும்தான் வினை தெரிந்தது. சுவர் பூராவும் பழுப்பு. படம் இருந்த இடம் மட்டும் நேற்று வெள்ளையடித்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது.

“மாமா, யாரையோ வீட்டை விட்டு அடிச்சுத் துரத்தின மாதிரி இருக்கு” என்றாள் தங்கச்சி மகள்.

காலண்டரை மாட்டிப் பார்த்தார். வெள்ளைக் கட்டத்துக்கு நடுவில் அது பேப்பரில் கொடுத்த விளம்பரம் மாதிரி நின்றது. கண்ணாடியை மாட்டினார். உள்ளே வருகிற எவனுக்கும் முதலில் அவனுடைய மூஞ்சியே தெரிந்தது. அது யாருக்கும் நல்லதில்லை என்று கழற்றினார். அதற்குள் வாசலில் கார் சத்தம். படுக்கையறைக்கு ஓடி, அங்கே இருந்த வாத்தியாரின் படத்தையே கொண்டுவந்து மாட்டிவிட்டு, மார்க்ஸைச் சமையலறையில் பாத்திர அலமாரிக்குப் பின்னால் சொருகினார்.

“அடப்பாவி அண்ணா!” என்றாள் தங்கச்சி. அதற்கு மேல் கத்த முடியவில்லை. விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

பையனின் அப்பா அகலமான ஆள். உட்கார்ந்தார், பிஸ்கட் தட்டைப் பார்த்தார், அதோடு அவர் வேலை முடிந்தது. அம்மா ஒல்லி, மூக்குக்கண்ணாடி. உட்காரக்கூட இல்லை. நேரே சுவருக்குப் போனாள்.

“இவங்கல்லாம் யாரு?”

தங்கச்சி வாயைத் திறந்தாள். சமூகவியல் என்று ஆரம்பித்தால் மார்க்ஸில் போய்த்தான் முடியும் என்று மெக்கானிக் குறுக்கே பாய்ந்தார்.

“எங்க மச்சான் வீட்டுப் பெரியவங்க.”

தங்கச்சிக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

அந்த அம்மா மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தாள். “மச்சான்னா... நீங்க பொண்ணுக்குத் தாய்மாமாவா?”

“ஆமாங்க. லாரிப் பட்டறை வச்சிருக்கேன்.”

“ஓ” என்றாள். ஒரு மாதிரி இழுத்து. அப்புறம், “பெரியவங்க எல்லாரும் கோட்டு போட்டிருக்காங்களே?”

“குளிர் தாங்காத குடும்பம்ங்க.”

மெக்கானிக்குக் கழன்ற நட்டு எங்கே விழுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரியும். பொய் சொல்ல மட்டும் வராது. ஒரு பொய் சொன்னவன் அடுத்த பொய்யைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவர் கையில் இருந்ததெல்லாம் மச்சான் சொன்ன நிஜம்தான்.

அதெல்லாம் பட்டறையில் கேட்டது. கல்லூரி விட்டதும் வாத்தியார் வீட்டுக்குப் போகமாட்டார். சைக்கிளைப் பட்டறையில் சாய்த்துவிட்டு, பழைய டயர் மேல் கைக்குட்டையை விரித்து உட்காருவார். மெக்கானிக் லாரிக்கு அடியில் கிடப்பார். வெளியே தெரிவது இரண்டு கால் மட்டும். வாத்தியார் அந்தக் கால்களைப் பார்த்தே பேசுவார். உலகத்தில் வேறு எந்தக் காலுக்கும் இவ்வளவு சமூகவியல் சொல்லப்பட்டிருக்காது. மூஞ்சியில் எண்ணெய் சொட்டச் சொட்ட மெக்கானிக் உள்ளேயிருந்து மறுத்துக் கத்துவார். “உன் மண்டையில ஏத்தறதுக்கு லாரியை எடுத்து உன் மேலயே விடலாம் மச்சான்!” என்பார் வாத்தியார். பிறகு இருவரும் ஒரே துணியில் கை துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். இப்போதும் மெக்கானிக் லாரிக்கு அடியில் படுக்கிறார். மேலே வெறும் லாரிதான் இருக்கிறது.

“இந்த முதல் ஆளு?” என்று கோம்டைக் காட்டினாள் அந்த அம்மா.

“அவரு மூத்த பெரியப்பா. ரொம்பச் சுத்தம். அடுத்தவன் எழுதின புஸ்தகத்தைத் தொடவே மாட்டார், மூளை அழுக்காயிடும்னு.”

“கல்யாணம் ஆச்சா?”

“ஆச்சுங்க. அந்தம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க.”

கதவோரம் நின்ற தங்கச்சி மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். விட்ட இடத்தை அடைக்கப் பார்த்தார் மெக்கானிக். “ஆனா அவர் சும்மா உக்காரலைங்க. தானே ஒரு புது மதம் ஆரம்பிச்சு, தானே பெரிய குருவா ஆயிட்டார்.”

“அதைக் கேட்டு நீங்க என்ன சொன்னீங்க?”

“நானா?” இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. “மச்சான் இதைச் சொன்னப்ப... வீட்ல ஒருத்தியை வச்சுக்கத் தெரியாதவன் ஊருக்கு மதம் சொல்றானான்னு கேட்டேன்.”

அந்த அம்மா கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அருவருப்பு என்று நினைத்தார் மெக்கானிக்.

“அந்தக் கண்ணாடிக்காரர்?”

“நடு சித்தப்பா. தங்கமான மனுஷன். கணக்கு எடுக்கிற வேலை.”

“என்ன கணக்கு?”

டர்க்கைம் என்ன கணக்கு எடுத்தார் என்பது மெக்கானிக்குத் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம்.

“எந்தெந்த ஊர்ல எத்தனை பேர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு.”

சட்டைக் கம்பெனிக்காரர் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

“நம்ம குடும்பத்துல இல்லைங்க! பொதுவா! கல்யாணம் ஆனவன் அவ்வளவா சாகறதில்லைன்னுகூட எழுதி வச்சிருக்கார். அதனால கல்யாணம் பண்றது நல்லதுதான்!”

“சரி, நீங்க என்ன சொன்னீங்க?”

“செத்தவன் கணக்கு எதுக்கு? இவ்வளவு கஷ்டத்துலயும் ஏன்டா இன்னும் சாகாம இருக்கேன்னு உசிரோட இருக்கிறவனைக் கேட்டு எழுதச் சொல்லு, அதுல விஷயம் இருக்குன்னேன்.”

“அண்ணா, உள்ள வந்து டீத்தூள் டப்பாவை எடுத்துக் கொடு” என்று பல்லைக் கடித்தாள் தங்கச்சி. டப்பா அவள் கையில்தான் இருந்தது.

“இருக்கட்டும்மா, அவர் சொல்லட்டும்” என்றாள் அந்த அம்மா. “இந்தக் கடைசி ஆளு?”

வெபரைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பார்க்கக் கண்ணியமான முகம். “கடைசி சித்தப்பா. பெரிய படிப்பாளி. காலேஜ்ல பாடம் சொன்னவர். நடுவுல கொஞ்ச வருஷம் மட்டும் முடியலை.”

“ஏன்?”

“அப்பாவோட பெரிய சண்டை போட்டார். சமாதானம் ஆகறதுக்குள்ள அப்பா போயிட்டார். இவருக்கு நரம்பு விட்டுப்போச்சு. தூக்கம் இல்ல, பேச்சு இல்ல, ஜன்னலைப் பாத்தே உக்காந்திருப்பாராம்.”

“பரம்பரையா வர்ற நோயா?”

“ஐயோ, இல்லைங்க! எங்க பொண்ணுக்கு நரம்பெல்லாம் ஸ்டீல் கம்பி! நல்லாத் தூங்குவா, கத்தி எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டா!”

கதவோரத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது.

“உலகமே ஒரு இரும்புக் கூண்டாயிட்டு வருதுன்னு அந்தக் கடைசி சித்தப்பா சொன்னாராங்க” என்று பேச்சை மாற்றினார் மெக்கானிக். “சட்டம், ஆபீஸு, கணக்கு, எல்லாம் சேர்ந்து மனுஷனை உள்ள வச்சுப் பூட்டிடுமாம். மச்சான் அதைச் சொல்லிட்டு ரெண்டு நாள் சோறு இறங்காம கெடந்தார்.”

“நீங்க?”

“இரும்புதானே, துருப்பிடிக்கும், கொஞ்சம் பொறுன்னு சொன்னேன். அப்புறம்தான் சாப்பிட்டார்.”

அந்த அம்மா நகர்ந்து வாத்தியாரின் படத்துக்கு முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அவர் எந்த ஊர், என்ன வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை.

“இந்த இடத்துல வேற படம் இருந்திருக்கணுமே” என்றாள் மெல்ல. “சட்டத்தைச் சுத்தி வெள்ளையாத் தெரியுது.”

“அவரு... உள்ள இருக்கார்.”

“பெரியவரை உள்ள வச்சுட்டா பேசறது? கூட்டிட்டு வாங்க.”

தங்கச்சி மகள்தான் போனாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து மார்க்ஸை இழுத்து, தாடியில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தாவணி இல்லாத குறைக்குத் துப்பட்டாவால் துடைத்து, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. பட்டறை முழுக்க லாரி நின்றாலும் கலங்காத மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

“இவரை ஏன் ஒளிச்சு வச்சீங்க?”

“கொஞ்சம் கஷ்டப்பட்டவருங்க. கோட்டை அடகு வச்சுட்டு, வெளிய போக வழியில்லாம வீட்லயே கெடந்தவர். ஒரு கூட்டாளி தயவுல பிழைச்சார்.” சட்டைக் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி அவசரமாகச் சேர்த்தார். “அந்தக் கூட்டாளி துணி மில் குடும்பம்ங்க! முதலாளிங்கள்லயும் நல்லவங்க உண்டு!”

சட்டைக் கம்பெனிக்காரர் டீக்குள் விழுந்த பிஸ்கட்டை ஸ்பூனால் தேடிக்கொண்டிருந்தார்.

“இவர் என்ன சொன்னார்?” என்றாள் அந்த அம்மா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

“பொருளைச் செய்யறவனுக்கும் அந்தப் பொருளுக்கும் உறவே அறுந்துபோச்சுன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கு அறுந்தாத் தேவலை மச்சான், நான் பாத்த லாரியெல்லாம் மறுபடி மறுபடி என்கிட்டயேதான் வந்து நிக்குதுன்னேன்.”

அந்த அம்மா கைக்குட்டையால் கண்ணை அழுத்திக்கொண்டு விடுவிடுவென்று வாசலுக்குப் போய்விட்டாள். கார் பக்கம் திரும்பி நின்ற அவள் தோள் குலுங்குவது ஜன்னல் வழியே தெரிந்தது.

“போச்சு” என்றாள் தங்கச்சி. “பைத்தியம், தற்கொலை, ஓடிப்போன பொண்டாட்டி. ஒண்ணையும் விட்டு வைக்கலை நீ. மார்க்ஸ் பாட்டுக்குச் சுவர்ல இருந்திருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்.”

மகள் மார்க்ஸைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட மெக்கானிக் தாங்கியிருப்பார்.

அவர் போய்ச் சட்டைக் கம்பெனிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஐயா, நான் படிக்காதவன், பொய்யும் சொன்னவன். இந்த நாலு பேரும் எங்க குடும்பம் இல்ல. என் மச்சான் பாடம் நடத்தின ஆளுங்க. அவர் இருந்திருந்தா அழகா எடுத்துச் சொல்லியிருப்பார். இப்ப அவங்களைப் பத்திப் பேசறதுக்கு நான்தான் மிச்சம், நானும் கெடுத்துட்டேன். பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க. வேணும்னா என்னைக் கல்யாணத்துக்கே கூப்பிட வேணாம், பட்டறையிலயே இருந்துக்கறேன். உங்க வீட்டம்மாவை மட்டும் திரும்ப உள்ள வரச் சொல்லுங்க.”

சட்டைக் கம்பெனிக்காரர் ஸ்பூனை வைத்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“அவ உங்க மச்சான்கிட்ட படிச்சவங்க, இந்த நாலு பேரும் அவளுக்கு அத்துப்படி, ஆனா ‘இதுக்கெல்லாம் என் மச்சான் என்ன சொல்வான்?’னு உங்க மச்சான் வருஷா வருஷம் பரீட்சையில ஒரு கேள்வி வைப்பாராம், அது ஒண்ணுல மட்டும் அவளுக்கு முட்டைதான் விழுமாம், அதான் இன்னைக்கு விடை கேட்டு எழுதிக்கலாம்னு நேர்லயே வந்துட்டா.”